பெர்லின் அரசு ஓபரா பிறந்தது 1570இலா, 1742இலா, 1918இலா?

கேள்வி கேட்டவர் இரண்டு விஷயங்களை ஒன்றாகக் கேட்டிருக்கிறார். பெர்லினில் உன்டர் டென் லிண்டன் சாலையில் இருக்கும் அரசு ஓபரா, அதாவது ஸ்டாட்ஸ்ஓபர், தொடங்கிய ஆண்டு ஓரிடத்தில் 1570, இன்னோரிடத்தில் 1742, வேறோரிடத்தில் 1918 என்று இருக்கிறதே, எது சரி என்பது ஒன்று. தன்னிடம் உள்ள பழைய ஒலிப்பதிவுகளின் லேபிளில் ‘ஸ்டாட்ஸ்ஓபர் பெர்லின்’ என்று இருப்பது இதே கட்டடத்தைத்தான் குறிக்கிறதா என்பது இன்னொன்று. இரண்டுக்கும் பதில் ஒரே முடிச்சில் இருக்கிறது. வாத்தியக்குழு, கட்டடம், பாடகர்களும் நிர்வாகமும் சேர்ந்த கம்பெனி, பெயர் ஆகிய நான்கையும் நாம் ஒரே சொல்லால் குறிக்கிறோம். நான்கும் வெவ்வேறு காலத்தில் பிறந்தவை. நடுவில் பலமுறை ஒன்றைவிட்டு ஒன்று பிரிந்தும் இருந்திருக்கின்றன.

1570 என்பது வாத்தியக்குழுவின் ஆண்டு. பிராண்டன்பர்க் ஆட்சியாளர் இரண்டாம் யோவாகிம் காலத்தில் அரண்மனை இசைக்குழுவுக்கு எழுதப்பட்ட விதிமுறை ஆவணம் அந்த ஆண்டைச் சேர்ந்தது. இன்று ஓபராவில் வாசிக்கும் ஸ்டாட்ஸ்கபெல்லே தன் வயதை அதிலிருந்துதான் கணக்கிடுகிறது; 2020இல் 450 ஆண்டு நிறைவைக் கொண்டாடியது. ஆவணத்தில் சந்தேகமில்லை. அதிலிருந்து இன்றுவரை இழை அறாமல் வந்திருக்கிறதா என்பதில்தான் சிக்கல். 1713இல் பட்டத்துக்கு வந்த முதலாம் ஃப்ரெடெரிக் வில்லியம், ‘சிப்பாய் ராஜா’ என்று பெயர் வாங்கியவர், செலவைக் குறைக்க அரண்மனை இசைக்குழுவையே கலைத்துவிட்டார். வேலை போன இசைஞர்களில் சிலர் கோதன் என்ற சின்ன சமஸ்தானத்தில் சேர்ந்தார்கள். நான்கு ஆண்டு கழித்து அங்கே இசைத் தலைவராக வந்தவர்தான் யோஹான் செபாஸ்டியன் பாக். சிப்பாய் ராஜாவின் மகன் இரண்டாம் ஃப்ரெடெரிக் இளவரசனாக இருந்தபோதே 1730களில் ருப்பினிலும் ரைன்ஸ்பெர்க்கிலும் சொந்தமாக ஒரு குழுவைத் திரட்டினான். 1740இல் அவன் அரசனானதும் அதுவே அரண்மனைக் குழுவாயிற்று. ஆக, சுமார் 27 ஆண்டு இடைவெளி இருக்கிறது. அதைப் பொருட்படுத்தாமல் 1570 என்பது மரபுப் பெருமை. கறாராகப் பார்த்தால் இன்றைய குழுவின் நேரடி மூதாதை 1730களின் குழு. நான் இரண்டாவது கணக்கின் பக்கம்தான். ஆனால் முதல் கணக்கைப் பொய் என்று சொல்ல மாட்டேன்.

1742 கட்டடத்தின் ஆண்டு. இதில் குழப்பமே இல்லை. இரண்டாம் ஃப்ரெடெரிக் பட்டமேறிய கையோடு, கட்டடக் கலைஞர் க்னோபெல்ஸ்டோர்ஃபிடம் ஓபரா அரங்கத்தை ஒப்படைத்தார். இசையமைப்பாளர் கார்ல் ஹைன்ரிஷ் கிரவுனைப் பாடகர் பிடித்துவர இத்தாலிக்கு அனுப்பினார். 1741 செப்டம்பரில் அடிக்கல். 1742 டிசம்பர் 7 அன்று கிரவுனின் ‘செசாரே ஏ கிளியோபாத்ரா’வோடு திறப்பு. கட்டடம் அப்போது முடிந்திருக்கவில்லை. மறு ஆண்டுதான் முடிந்தது. அரண்மனைக்குள் ஒரு கூடமாக இல்லாமல் தனித்து நிற்கும் கட்டடமாக அதைக் கட்டியது அந்தக் காலத்துக்குப் புதுமை. உள்ளே முன்கூடம், பார்வையாளர் கூடம், மேடை என மூன்றும் ஒரே நேர்கோட்டில் இருந்தன. கீழ்த்தளத்தை மேடை மட்டத்துக்கு உயர்த்தினால் மூன்றும் சேர்ந்து ஒரே நீண்ட நடனக் கூடமாகிவிடும். டிக்கெட் விற்பனை கிடையாது. அரசர் செலவு செய்தார், அழைக்கப்பட்டவர்கள் வந்தார்கள். 1772இல் வந்து பார்த்த ஆங்கில இசை அறிஞர் சார்லஸ் பர்னி, அரசர் வாத்தியக்குழுத் தலைவருக்குப் பின்னால் நின்று இசைச் சுவடியைப் பார்த்துக்கொண்டே இருப்பார் என்று எழுதியிருக்கிறார். முதலாளி அப்படி முதுகுக்குப் பின்னால் நிற்கும் இடத்தில் புதுமை எவ்வளவு முளைக்கும்? கிரவுனும் ஹாஸ்ஸேவும் எழுதிய இத்தாலிய ஓபராக்களே திரும்பத் திரும்ப நடந்தன. 1755இல் வந்த ‘மான்டெசூமா’வின் கதை வசனத்தை அரசரே பிரெஞ்சில் எழுதினார்; பிறகு அது இத்தாலியில் பெயர்க்கப்பட்டது. அடுத்த ஆண்டு ஏழாண்டுப் போர் தொடங்கியதும் அரங்கம் மூடப்பட்டது.

கம்பெனி என்று இன்று நாம் அறிவது இந்த இத்தாலிய அரண்மனை ஓபரா அல்ல. 1806இல் நெப்போலியன் பெர்லினுக்குள் நுழைந்ததோடு அந்த ஓபரா முடிந்தது. ஜெண்டார்மென்மார்க்ட் சதுக்கத்தில் ஜெர்மன் மொழியில் நாடகமும் பாட்டும் நடத்திவந்த தேசிய நாடக அரங்கம் தனியாக இருந்தது. அதன் வாத்தியக்குழுவும் அரண்மனைக் குழுவும் இணைக்கப்பட்டன. 1811 முதல் நடிகரும் நிர்வாகியுமான இஃப்லாண்டின் கீழ் இரண்டு அரங்குகளும் ஒரே ‘அரச நாடக நிறுவனம்’ ஆயின. இன்றைய கம்பெனியின் உண்மையான வேர் இந்த இணைப்பில்தான் என்பது என் கருத்து. இந்த நுணுக்கம் தெரியாததால் வரும் பிரபலமான பிழை ஒன்று உண்டு. வேபரின் ‘டெர் ஃப்ரைஷூட்ஸ்’ 1821 ஜூன் 18 அன்று பெர்லினில் முதன்முதலாக அரங்கேறியது லிண்டன் ஓபராவில் என்று பலர் எழுதுகிறார்கள். அது நடந்தது ஜெண்டார்மென்மார்க்டில், ஷிங்கெல் புதிதாகக் கட்டி முடித்திருந்த நாடக அரங்கில். கம்பெனி இதே கம்பெனிதான்; கட்டடம் வேறு.

அதன்பின் ஸ்பான்டினி, மேயர்பேர் என்று பெரிய பெயர்கள் இசைத் தலைமைக்கு வந்தன. 1843 ஆகஸ்ட் 18 இரவு தீப்பிடித்து வெளிச்சுவர் மட்டும் மிஞ்சியது. ஒன்றேகால் ஆண்டில், 1844 டிசம்பர் 7 அன்று, மேயர்பேரின் புதிய ஓபராவோடு மறுபடி திறந்தார்கள். உள்ளே கட்டியவர் கார்ல் ஃபெர்டினாண்ட் லாங்ஹான்ஸ். இவருடைய தந்தை கார்ல் கோட்ஹார்ட் லாங்ஹான்ஸ்தான் பிராண்டன்பர்க் வாயிலைக் கட்டியவர். அவரும் 1780களில் இதே ஓபராவின் உட்புறத்தை மாற்றியமைத்திருக்கிறார். பெயரை மட்டும் பார்த்துத் தந்தையையும் மகனையும் ஒன்றாக்கிவிடும் குறிப்புகள் நிறைய உண்டு. இந்தப் புதிய அரங்கில் 1849 மார்ச் 9 அன்று ‘வின்ட்சரின் குதூகலப் பெண்கள்’ ஓபராவை முதன்முதலாக நடத்திய ஓட்டோ நிக்கோலாய் இரண்டு மாதத்தில் காலமானார்.

1918 என்பது பெயரின் ஆண்டு. நவம்பர் புரட்சியில் அரசர் போனதும் அரண்மனை ஓபரா அரசு ஓபராவாயிற்று. ‘ஸ்டாட்’ என்ற சொல்லை ஜெர்மனி முழுவதற்குமான மத்திய அரசு என்று எடுத்துக்கொள்ளக் கூடாது. அன்று அதற்குப் பொருள் பிரஷ்ய மாநில அரசு. மூனிக், டிரெஸ்டன் போன்ற ஊர்களிலும் அரண்மனை ஓபராக்கள் அந்தந்த மாநில அரசின் சொத்தாகி இதே பட்டத்தைப் பெற்றன. ஒரு நாட்டில் இத்தனை ‘அரசு ஓபரா’ எப்படி என்று கேட்பவர்களுக்கு விடை இதுதான்: அத்தனை சிற்றரசர்கள் இருந்தார்கள். நகராட்சியோ குடிமக்களோ தொடங்கியவை வேறு வகை. பெர்லினிலேயே, அப்போது தனி நகரமாக இருந்த ஷார்லோட்டன்பர்க்கின் குடிமக்கள் 1912இல் தொடங்கிய ஓபராதான் இன்றைய டாய்ச்ச ஓபர்.

இசையில் இந்த நிறுவனத்தின் உச்சம் எது என்று கேட்டால் 1923 முதல் 1934 வரை இசை நடத்துநர் எரிக் கிளைபர் தலைமையில் இருந்த காலத்தைத்தான் சொல்வேன். 1925 டிசம்பர் 14 அன்று ஆல்பன் பெர்க்கின் ‘வோட்செக்’ இங்கேதான் முதன்முறை மேடையேறியது. அதற்கு 137 ஒத்திகை நடந்தது என்ற கணக்கு எங்கும் சுற்றுகிறது. முழு வாத்தியக்குழுவும் கூடிய ஒத்திகைகள் அதில் நான்கில் ஒரு பங்கு அளவுதான் என்பதே நம்பும்படியானது. பாடகர்களோடு பியானோவில் செய்தவை, வாத்தியப் பிரிவுகள் தனித்தனியாகச் செய்தவை எல்லாவற்றையும் கூட்டினாலொழிய அந்த எண் வராது. இதே காலத்தில் ஸ்டாட்ஸ்ஓபருக்கு இரண்டாவது மேடையாக குடியரசுச் சதுக்கத்தில் க்ரோல் அரங்கம் இருந்தது. 1927 முதல் 1931 வரை அங்கே ஓட்டோ க்ளெம்பெரர் நடத்திய நிகழ்ச்சிகள் பல இடங்களில் ‘க்ரோல் ஓபரா’ என்று தனி நிறுவனம் போலப் பேசப்படுகின்றன. நிர்வாகப்படி அதுவும் பிரஷ்ய அரசு ஓபராவின் கிளைதான். பணமும் அரசியலும் நெருக்கி 1931இல் அதை மூடினார்கள். 1933இல் நாடாளுமன்றக் கட்டடம் எரிந்த பிறகு, ஹிட்லருக்கு முழு அதிகாரம் கொடுத்த சட்டம் நிறைவேறியது இதே க்ரோல் கூடத்தில்.

நாஜி ஆட்சியில் பெர்லினின் இரு பெரிய ஓபராக்களும் இரண்டு அமைச்சர்களின் ஆட்டக்களம். பிரஷ்யப் பிரதமர் என்ற முறையில் ஸ்டாட்ஸ்ஓபர் கோரிங்கின் கையில்; ஷார்லோட்டன்பர்க் ஓபரா கோயபல்ஸின் கையில். யூதக் கலைஞர்கள் விரட்டப்பட்டார்கள். யூதரான இசை நடத்துநர் லியோ பிளெஹ் மட்டும் 1937 வரை நீடித்தது விதிவிலக்கு. அதை வைத்து அந்த வீடு மென்மையாக நடந்துகொண்டது என்று சொல்லிவிட முடியாது. கிளைபர் யூதர் அல்ல. 1934 நவம்பர் 30 அன்று, தடை செய்யப்படாமலே தீண்டத்தகாததாகிவிட்ட பெர்க்கின் ‘லூலு’ இசைத் தொகுப்பை நடத்திவிட்டு, சில நாளில் பதவியை விட்டு வெளியேறினார். நாஜிகள் ஒதுக்கிய இசையமைப்பாளர் ஹிண்டெமித்தை ஆதரித்த விவகாரத்தில் இசை நடத்துநர் ஃபுர்ட்வெங்லர் பதவி விலகியதும் அதே டிசம்பரில். ஆனால் அவர் பிறகு திரும்பி வந்து நடத்தினார். கிளைபர் நாஜி ஜெர்மனிக்குத் திரும்பவில்லை. இந்த வேறுபாட்டை மனத்தில் வைத்துக்கொள்ளுங்கள், 1955இல் இது மறுபடி வரும்.

குண்டு இரண்டு முறை விழுந்தது. 1941 ஏப்ரல் 10 அதிகாலை முதல் தடவை. போர் நடுவிலேயே, கட்டுமானப் பொருளுக்குத் தட்டுப்பாடு இருந்த காலத்தில், கௌரவத்துக்காக மீண்டும் கட்டி, 200ஆம் ஆண்டு நிறைவை ஒட்டி 1942 டிசம்பர் 12 அன்று வாக்னரின் ‘மைஸ்டர்ஸிங்கர்’ ஓபராவை நடத்தினார்கள். 1945 பிப்ரவரி 3 அன்று மறுபடி அழிந்தது. அதன்பின் பத்து ஆண்டு கம்பெனி இருந்தது, கட்டடம் இல்லை. ஃப்ரீட்ரிஷ்ஸ்ட்ராஸே ரயில் நிலையத்துக்குப் பக்கத்தில் தப்பிப் பிழைத்திருந்த அட்மிரால்ஸ்பலாஸ்ட் என்ற கேளிக்கை அரங்கில் ஓபரா நடந்தது. கிழக்குப் பகுதியில் மிஞ்சிய பெரிய கூடங்களில் ஒன்று அதுவாகையால் அரசியல் கூட்டங்களும் அங்கேயே. 1946 ஏப்ரலில் சமூக ஜனநாயகக் கட்சியையும் கம்யூனிஸ்ட் கட்சியையும் ஒன்றாக்கிய மாநாடு ஓபரா மேடையில்தான் நடந்தது. பிரெஹ்ட் எழுதி டெஸ்ஸாவ் இசையமைத்த லுகுல்லுஸ் ஓபரா 1951 மார்ச்சில் அங்கே ஒருமுறை நடந்து நிறுத்தப்பட்டது. பெயரையும் சில பகுதிகளையும் மாற்றிய பிறகு அக்டோபரில் திரும்பி வந்தது.

மீண்டும் கட்டும் பொறுப்பை ரிஹார்ட் பாலிக் ஏற்றார். இங்கேதான் ‘இது பழைய கட்டடம்தானா’ என்ற கேள்விக்கு விடை. வெளித்தோற்றமும் தூண் முகப்பும் க்னோபெல்ஸ்டோர்ஃபின் வடிவம். உள்ளே நீங்கள் காணும் வெள்ளை, பொன், சிவப்பு ரொக்கோக்கோ அலங்காரம் 18ஆம் நூற்றாண்டுடையது அல்ல. க்னோபெல்ஸ்டோர்ஃப் வேறு அரண்மனைகளில் செய்த வேலையைப் பார்த்து 1950களில் பாலிக் தானாக உருவாக்கியது. லாங்ஹான்ஸ் காலத்து நான்கு மாடங்கள் மூன்றாயின. பழையதுபோல் தோன்றும் சோஷலிசக் காலக் கட்டடம் என்று சொன்னால் தவறாகாது. இந்த அரங்கைத் திறந்துவைக்கக் கிளைபரை அழைத்திருந்தார்கள், அவரும் சம்மதித்திருந்தார். முகப்பில் ‘அரசன் ஃப்ரெடெரிக், அப்போலோவுக்கும் கலைத்தேவியருக்கும்’ என்ற லத்தீன் கல்வெட்டு வாசகம் இருக்கும் என்பது அவருக்குக் கொடுத்த உறுதி. 1955 மார்ச்சில் அதை எடுத்துவிட்டு ‘டாய்ச்ச ஸ்டாட்ஸ்ஓபர்’ என்று போட்டார்கள். எழுத்தில் கைவைக்கிறவர்கள் நாளை இசையிலும் கைவைப்பார்கள் என்று கருதி அவர் இரண்டாம் முறையும் விலகினார். மறு ஆண்டு காலமானார். 1955 செப்டம்பர் 4 அன்று ‘மைஸ்டர்ஸிங்க’ரை நடத்தித் திறந்தவர் ஃப்ரான்ஸ் கொன்விட்ஷ்னி. அந்த லத்தீன் வாசகம் இன்று மறுபடி முகப்பில் இருக்கிறது.

1961 ஆகஸ்ட் 13 அன்று எழுந்த சுவர், மேற்கில் குடியிருந்து கிழக்கில் வேலை பார்த்த வாத்தியக்காரர்களையும் பாடகர்களையும் ஒரே நாளில் துண்டித்தது. குழுவைத் திரும்பக் கட்டும் வேலை 1964 முதல் 1990 வரை தலைமையில் இருந்த ஓட்மார் சுயிட்னருக்கு விழுந்தது. இன்று அந்தக் குழுவிடம் கேட்கும் கனத்த, இருண்ட தந்திவாத்திய நாதத்தைச் சுவர்க்காலத் தனிமை காப்பாற்றிக் கொடுத்தது என்று பலரும் எழுதுகிறார்கள். அழகான விளக்கம், நிரூபிக்க முடியாத விளக்கமும்கூட. 1992இல் வந்த டேனியல் பாரன்போய்ம் 2023 ஜனவரி வரை இருந்தார். 2024 முதல் கிறிஸ்டியான் தீலமன். ஒன்றுபட்ட நகரத்துக்கு ஸ்டாட்ஸ்ஓபர், டாய்ச்ச ஓபர், கோமிஷ ஓபர் என மூன்று ஓபரா எதற்கு என்ற சண்டை ஓயாமல் நடந்து, 2004இல் மூன்றையும் ஒரே அறக்கட்டளையின் கீழ் கொண்டுவந்தார்கள். கலை நிர்வாகம் தனித்தனி. செட், உடை தயாரிக்கும் பட்டறைகள் பொது.

2010 முதல் 2017 வரை நடந்த புதுப்பிப்பைக் கொஞ்சம் விரித்துச் சொல்ல வேண்டும். பாலிக்கின் கூடம் தாழ்ந்த கூரை கொண்டது. எதிர்முழக்க நேரம் 1.1 வினாடி அளவுதான். ஒலி எழுப்பி நிறுத்தியபின் அது 60 டெசிபல் தணிய எடுக்கும் நேரம் இது. கூடத்தின் கனஅளவு கூடினால் இதுவும் கூடும். ஒலியை உறிஞ்சும் பரப்பு கூடினால் குறையும். உறிஞ்சுவதில் பெரும்பங்கு மெத்தை இருக்கையும் அதில் உட்கார்ந்திருக்கும் ஆட்களும். மோட்சார்ட்டுக்கு 1.1 போதும், சொல் தெளிவாக விழும். வாக்னருக்கும் ஸ்ட்ராஸுக்கும் வறட்டுத்தனமாக இருக்கும். 1990களில் மைக்கும் ஒலிபெருக்கியும் வைத்து மின்னணு முறையில் முழக்கத்தைக் கூட்டிப் பார்த்தார்கள். நிலையான வழி ஒன்றுதான்: இருக்கையைக் கூட்டாமல் கனஅளவைக் கூட்டுவது. அப்படித்தான் கூரையைச் சுமார் 5 மீட்டர் உயர்த்தினார்கள். மூன்றாம் மாடத்துக்கு மேல் வலைப்பின்னல் போன்ற மறைப்புக்குப் பின்னால் ஒலி சுழன்று திரும்ப ஒரு வெற்றிடம் கிடைத்தது. நேரம் 1.6 வினாடிக்கு வந்தது. பாலிக்கின் அலங்காரம் அப்படியே இருக்க வேண்டும் என்பது நிபந்தனை. 2008இல் நவீன உட்புறம் கொண்ட வடிவம் ஒன்று போட்டியில் வென்றும், எதிர்ப்பால் கைவிடப்பட்டிருந்தது.

பணமும் காலமும் விழுங்கப்பட்டது தரைக்குக் கீழே. நிர்வாகக் கட்டடத்திலிருந்து மேடைக்குச் செட்டுகளைக் கொண்டுவர நிலத்தடிப் பாதை அமைத்தார்கள். பெர்லினில் சிறிது தோண்டினாலே நிலத்தடி நீர். அதை இறைத்தால் பக்கத்துக் கட்டடங்களின் அஸ்திவாரம் ஆட்டம் காணும், இறைக்காவிட்டால் குழி நிறையும். போதாக்குறைக்குப் பழைய மரக் கட்டைகள் மண்ணுக்குள் வரிசையாக அகப்பட்டன. 2013இல் திறப்பதாக இருந்தது 2017 ஆயிற்று. 239 மில்லியன் யூரோ மதிப்பீடு ஏறத்தாழ 400 மில்லியனாயிற்று. அக்டோபர் 3 அன்று ஒரு திறப்புவிழா நடத்திவிட்டு, மேடை இயந்திரங்களைச் சரிசெய்ய மறுபடி மூடி, கட்டடத்தின் பிறந்தநாளான டிசம்பர் 7 அன்று உண்மையில் திறந்தார்கள். அந்த ஏழு ஆண்டும் கம்பெனி ஷார்லோட்டன்பர்க்கில் உள்ள ஷில்லர் அரங்கில் இருந்தது.

இனி உங்கள் லேபிள்கள். முதலில் ஊர் பெயரைப் பாருங்கள். வெறுமனே ‘ஸ்டாட்ஸ்ஓபர்’ என்றால் வியன்னாவோ மூனிக்கோ ஹாம்பர்கோ ஆகலாம், வெறுமனே ‘ஸ்டாட்ஸ்கபெல்லே’ என்றால் டிரெஸ்டனாகவோ வைமராகவோ இருக்கலாம். பெர்லின் என்று உறுதியானபின் ஆண்டு. 1918க்கு முன் ‘ஹோஃப்ஓபர்’ அல்லது ‘அரச ஓபரா’ என்றிருந்தால் இதே நிறுவனம். 1920களின் 78 சுற்று இசைத்தட்டுகளில் ‘பெர்லின் ஸ்டாட்ஸ்ஓபர் ஆர்கெஸ்ட்ரா’, ‘ஸ்டாட்ஸ்கபெல்லே’ இரண்டும் ஒரே குழு. க்ளெம்பெரர் நடத்தியிருந்தால் க்ரோல் காலத்தோடு சேர்த்துப் பாருங்கள். ‘ஷ்டேட்டிஷ ஓபர்’, ‘டாய்ச்சஸ் ஓபர்ன்ஹவுஸ்’, 1961க்குப் பிறகு ‘டாய்ச்ச ஓபர்’ ஆகிய மூன்றும் ஷார்லோட்டன்பர்க் நிறுவனம்; எழுத்து ஒத்திருப்பதால் மாறிப்போவது இதில்தான் அதிகம். ‘டாய்ச்ச ஸ்டாட்ஸ்ஓபர்’ என்று நடுவில் ‘ஸ்டாட்ஸ்’ இருந்தால் கிழக்கு ஜெர்மனிக் காலத்து லிண்டன் ஓபரா. 1945 முதல் 1955 கோடை வரையிலான மேடைப் பதிவு என்றால் அது அட்மிரால்ஸ்பலாஸ்ட்; 2010 முதல் 2017 வரை என்றால் ஷில்லர் அரங்கம். இவை மேடைப் பதிவுகளுக்கு மட்டும் பொருந்தும். ஸ்டுடியோ பதிவானால் குழுவின் பெயர் கட்டடத்தைச் சொல்லாது. சுயிட்னர் காலத்துப் பதிவுகளில் நிறைய, ஓபெர்ஷோனவைடவில் உள்ள கிறிஸ்துஸ் தேவாலயத்தில் எடுத்தவை. அங்கே கேட்கும் நீண்ட முழக்கத்தை வைத்து லிண்டன் ஓபராவின் ஒலி இப்படித்தான் இருந்தது என்று முடிவு கட்டிவிடாதீர்கள். அது தேவாலயத்தின் முழக்கம்.